ஒரு கொடி வெயில்

"பன்னெண்டு மாடிக் கட்டடம் வேணாங்கிறீங்க. சரி, என்ன காரணம்?"

"என் துணிக்கொடியில வெயில் விழாது, ஆபீசர் ஐயா."

மாதாகோயில் கூடமே குலுங்கிச் சிரித்தது. சுற்றுச்சூழல் அறிக்கை எழுத வந்த ஆபீசர் கசோண்டேயும் சிரித்துவிட்டார்.

கீழே கடைகள், மேலே நூற்றிருபது வீடுகள். வாடகைக்கு இடம் கிடைக்காமல் ஜாம்பியாவின் ந்டோலா நகரமே தவிக்கிறது. எல்லோரும் சம்மதித்துக் கை தூக்கியாயிற்று. எதிர்த்து எழுந்தவள், கட்டடம் வரும் மனைக்கு அடுத்த வீட்டுப் பனா முவிலா ஒருத்திதான். பனா முவிலா என்றால் முவிலாவின் அம்மா. முவிலா பிறந்த பத்தாம் நாளே போய்விட்டது. பெயர் மட்டும் அவளோடு நின்றுவிட்டது.

"காலை வெயில் படாட்டி துணி ஈரமாவே கெடக்கும். புட்சி ஈ வந்து முட்டை வெக்கும். அதை உடுத்தினா புழு தோலுக்குள்ள போயிடும். உங்களுக்குத் தெரியாததா?"

"இஸ்திரி போடுங்க, பனா முவிலா! முட்டை பொசுங்கிடும்" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

"தெனம் அறுபது துணிக்கா? பாதி நாள் கரன்ட்டே இல்ல."

"அறுபதா! ஒத்த ஆளு நீங்க. மணிக்கொரு உடுப்பு மாத்துறீங்களா, மகாராணி?"

மறுபடியும் சிரிப்பு. கைக்குழந்தைகளோடு முன்வரிசையில் இருந்த பெண்களை அவள் ஒரு பார்வை பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

என்ன சுயநலம்! நூற்றிருபது குடும்பத்தைவிட இவள் துணி பெரிசா? 'தனிப்பட்ட அசௌகரியம், பொருட்படுத்த வேண்டியதில்லை' என்று எழுதி நோட்டை மூடினார் கசோண்டே.

அவருக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஏழாம் மாதமே பிறந்துவிட்ட மகள் அங்கே இருக்கிறாள். பிள்ளைத்துணி நாம்தான் கொண்டுபோக வேண்டும். வலி வந்த அவசரத்தில் வெறுங்கையோடு ஓடியிருந்தார்கள். நல்லவேளை, மூலையில் நீல நூல் தைத்த துணிகளை ஆஸ்பத்திரியே தந்தது.

ஆட்சேபம் வந்தால் நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்பது விதி. மறுநாள் காலை, நிழல் எதுவரை விழும் என்று அளக்க நாடாவோடு பனா முவிலாவின் கொல்லைக்குள் நுழைந்தார்.

மூன்று கொடிகள் நிறைய குட்டிக் குட்டித் துணிகள். ஒவ்வொன்றின் மூலையிலும் நீல நூல்.

மகளைச் சுற்றியிருந்த அதே தையல்தானா என்று கசோண்டே ஒரு துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"இதைக் கூட்டத்துல சொல்லியிருக்கலாமேம்மா!"

"எப்படிச் சொல்ல? பிரசவத்துக்குத் துணி இல்லாம வந்த பொண்ணுங்க எத்தனை பேரு அங்க உக்காந்திருந்தாங்க! ஆஸ்பத்திரித் துணின்னு நெனச்சுத்தான் கூசாம வாங்கிக்கிறாங்க. ஊரு முன்னாடி அவங்களைத் தலைகுனிய வெக்கணுமா?"

கசோண்டே நின்ற இடத்திலேயே நேற்று எழுதியதை அடித்தார். கடைகளைத் தனியே உயரமில்லாமல் கொடியை ஒட்டிய இந்தப் பக்கமும், மாடி வீடுகளை அந்தப் பக்கமும் மாற்றிக் கட்டினால்தான் அனுமதி என்று எழுதினார். மன்னிப்புக் கேட்க நிமிர்ந்தார்.

அவளோ காய்ந்த துணிகளை மடித்து அவர் கையில் வைத்தாள்.

"போற வழியில நர்ஸம்மாகிட்ட குடுத்துடு தம்பி. ஆமா, உன் பொண்ணு எடை ஏறிடுச்சா?"