உயிர் வந்த பேட்டரி

"சொன்னா கேளுங்க. வெடிச்சா வீடே போயிடும். புதுசு ஒண்ணு வாங்கிடலாம்," என்றாள் மல்சூன்.

"வீடியோவை லட்சம் பேரு பாத்திருக்காங்க. உனக்கு மட்டும்தான் பயம்!"

கொரியாவின் பூசான் கப்பல் கட்டும் தளத்தில் வேலை போனதிலிருந்து அவள் கணவர் பில்ஹோவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. நன்றாயிருக்கும் குழாயைக் கழற்றுவார், திரும்பப் பூட்டுவார். இன்று லேப்டாப் பேட்டரி. செத்த பேட்டரிக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்தால் உயிர் வந்துவிடுமாம்.

பால்கனியில், கிம்ச்சி ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் கம்பிகளை மாட்டிவிட்டு, குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார்.

"அது பாட்டுக்கு ஏறட்டும். தெருமுனைப் பொதுக் குளியல்கூடத்துக்குப் போய் முதுகு தேச்சுக்கிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

திரும்பி வந்து பேட்டரியைப் பொருத்தினார். பச்சை விளக்கு எரிந்தது!

வாய்விட்டுச் சிரித்தார். எதிர்வீட்டுக்காரி ஒக்பூனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஏண்டி மல்சூன், இப்படிப்பட்ட கெட்டிக்காரரையா தினமும் கரிச்சுக் கொட்டறே?"

மல்சூன் தேநீர் போட உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையிலேயே ஒக்பூன் வந்துவிட்டாள், கையில் மூன்று செத்த பேட்டரிகள். "என்னோடது, மகனோடது, தங்கச்சியோடது. எல்லாத்துக்கும் உயிர் குடுத்துடுங்க!"

"சாயங்காலம் வந்து வாங்கிக்கோங்க."

கத்தரிக்கோல் எடுக்கச் சமையலறைப் பக்கம் போன பில்ஹோ அப்படியே நின்றார். உள்ளே மல்சூன் போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து அவசரமா வந்து ஒரு பேட்டரி வாங்கினேனே, நான்தாங்க. இன்னும் மூணு வேணும். பழசு மேல இருக்கற லேபிளை நானே உரிச்சு ஒட்டிக்கறேன்... ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க! நான் கம்பியைப் பிடுங்கறப்பவே அந்தப் பழைய பேட்டரி வயிறு உப்பிக் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. இல்லைங்க, அவருகிட்ட சொல்ல மாட்டேன். வேலை போனப்புறம் அந்த மனுஷன் நேத்துதான் சிரிச்சாரு."

பில்ஹோ ஓசைப்படாமல் திரும்பினார். மூன்று பேட்டரிகளையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"மன்னிச்சுக்கோங்க. இது ஆபத்து, வேண்டாம். புதுசே வாங்கிடுங்க."

"அதெப்படி? நேத்து உங்களோடதுக்கு மட்டும் உயிர் வந்துச்சே!"

"அது என் பொண்டாட்டி கைராசிங்க," என்றார் பில்ஹோ.