சிவப்புத் தையல் இருக்கை

ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே பனி சத்தமில்லாமல் விழுகிறது. உள்ளே ஒரே வகைச் சின்னக் கார் இரண்டு நிற்கின்றன. ஒன்று சாதாரண மாடல், மற்றது சிவப்புத் தையல் போட்ட ஸ்போர்ட் மாடல். மொரிகாசு இளமையிலிருந்தே ஆசைப்பட்டது இப்படியொரு ஸ்போர்ட் வண்டிக்குத்தான். அவர் மனைவி ஃபுமியே அதில் உட்கார்ந்து பார்க்கிறாள். இருக்கையின் உயர்ந்த விளிம்பு, நோயில் மெலிந்த அவள் இடுப்பை அழுத்துகிறது. விற்பனையாளர் நாகாயோ தரையில் மண்டியிட்டு, இறங்கும்போது அவள் தலை இடிக்காதபடி கதவின் மேல்விளிம்பில் கை வைத்துக் காத்திருக்கிறார். "இதையே எடுங்க. எனக்குச் சௌகரியமாத்தான் இருக்கு," என்கிறாள். "பொய் சொல்லாத, மூஞ்சியே கோணுது." "என் மூஞ்சி எப்பவும் கோணல்தான்னு கல்யாணத்தன்னைக்கே சொன்னீங்களே!"

நாகாயோ தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: "இது பார்வைக்கு வெச்சதுங்க. புது ஸ்போர்ட் வந்துசேர வசந்தமாகி, செர்ரி பூக்கிற காலமாயிடுங்க. சாதாரண வண்டின்னா பின்னாடி கொட்டகையில தயாரா நிக்குது." மூவரும் பனியைப் பார்க்கிறார்கள். ஃபுமியேவுக்கு டாக்டர் சொன்ன கெடு அதற்கு முன்பே முடிந்துவிடும். "சாதாரண வண்டியே போதும்," என்கிறார் மொரிகாசு. ஃபுமியே சிவப்புத் தையலை விரலால் மெல்லத் தடவுகிறாள். "அப்புறமா இதை வாங்கிக்குங்க. தனியா ஓட்ட நல்லாயிருக்கும்." நாகாயோவின் கை கதவின் விளிம்பை விட்டு இன்னும் விலகவில்லை.