ஊசி போட வரும் தம்பி

"சல்மா, ஊசி போடறவனாண்ட கொஞ்சம் சொல்லு. நேத்து குத்துன எடமே இன்னும் கடுக்குது. இன்னிக்காவது கண்ணத் தொறந்துகினு குத்தச் சொல்லு!"

ஊசி போடுகிறவன் ஒன்றும் அடுத்த ஊரில் இல்லை. நூர்முகமதுவின் எதிரில், அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். கூடப் பிறந்த தம்பி, கியாசுதீன்.

"அண்ணி, கைய ஆட்டாம வெச்சிக்கச் சொல்லுங்க. ஆட்டுனா வலிக்காம இன்னா பண்ணும்?" என்றான் அவனும், அண்ணன் காதுக்கு ஒரு முழத் தூரத்திலிருந்து.

நடுவில் நின்ற உம்மு சல்மா யாருக்கும் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. அவளுக்கு இது பழகிப்போய்விட்டது. அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. தன் மகன் அமீருக்கு என்று மனதில் முடிச்சுப் போட்டு வைத்திருந்த தம்பி மகள் ஷாஜாதியை, தம்பி வேலூரில் கொடுத்துவிட்டான் என்று நூர்முகமதுவுக்குக் கோபம். 'இனிமேல் அவன் முகத்தில் முழிக்க மாட்டேன்' என்று ஊரறியச் சொன்னார்.

முழிக்கத்தான் வேண்டியிருந்தது. சர்க்கரை வியாதி வந்து சேர்ந்தது. தினமும் இன்சுலின் போட்டே தீர வேண்டும் என்று செங்கல்பட்டு டாக்டர் சொல்லிவிட்டார். சதுரங்கப்பட்டினத்தில் ஊசி போடத் தெரிந்த ஒரே ஆள், மருந்தகக் கம்பவுண்டர் கியாசுதீன்.

ஆக, விடிந்ததும் தம்பி வருவான். சிரிஞ்சைக் கொதிநீரில் போட்டு எடுப்பான். தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில் குளிர்ச்சிக்காகப் புதைத்து வைத்த மருந்து பாட்டிலை அண்ணி எடுத்துத் தருவாள். குத்துவான், திட்டு வாங்குவான், டீ குடித்துவிட்டுப் போவான். சண்டைக்காரனுக்கு எதற்கு டீ என்று யாரும் கேட்டதில்லை. சில நாள் ஆப்பமும் வரும். "யாருக்கோ வெச்ச தட்டு. துன்னா துன்னட்டும்" என்பார் நூர்முகமது, சுவரைப் பார்த்து. "வேலூரு பொண்ணு சௌக்கியமாமா, கேளு" என்றும் எப்போதாவது அதே சுவரிடம் விசாரிப்பார்.

இன்று கியாசுதீனுக்கு டீ இறங்கவில்லை. ஒரு வாரமாக ஒரு சமாச்சாரத்தை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்தான். மருந்தகத்துக்கு வந்த மெட்ராஸ் கம்பெனிக்காரர் சொன்னது அது. சர்க்கரைக்குப் புதிதாக மாத்திரை வந்துவிட்டது. வயது போன பிறகு இந்த வியாதி வந்தவர்களில் பல பேருக்கு இனி ஊசியே வேண்டாம், மாத்திரை போதும்.

கேட்டதும் துள்ளிக் குதிக்க வேண்டியவன், வாயை மூடிக்கொண்டான். ஊசி நின்றுவிட்டால் இந்த வீட்டுக்குள் வர அவனுக்கு வேறு என்ன சாக்கு இருக்கிறது? காலையில் அண்ணனிடம் திட்டு வாங்காவிட்டால் அவனுக்குப் பொழுது விடிந்ததாகவே இருக்காது. ஆனால் சட்டைக் கையை மடித்துவிடும்போதெல்லாம், குத்திக் குத்திக் கன்றிப்போன அந்தத் தோலைப் பார்க்க அவனால் முடியவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவனோ மொத்தமாகவே ஆடிப்போயிருந்தான்.

"அண்ணி," என்றான் டம்ளரைக் கீழே வைத்து. "சக்கர வியாதிக்கு மாத்திரை வந்துகீதாம். இவருக்கு ஊசியே தேவப்படாதுன்னு நெனைக்கறேன். செங்கல்பட்டு டாக்டராண்ட இட்டுகினு போய்க் கேளுங்க."

சொல்லிவிட்டுச் சிரிஞ்சைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான்.

நூர்முகமது சட்டென்று நிமிர்ந்தார். "சல்மா! மாத்திரையும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். எனக்கு ஊசிதான் ஒத்துக்குது. அவன் வேலைய அவன் பார்க்கட்டும்."

கியாசுதீன் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. அடுத்த நொடியே, அப்படிச் சந்தோஷப்பட்டதற்கு வெட்கப்பட்டான்.

"அப்படிச் சொல்லக் கூடாது அண்ணி. கை புண்ணாப் பூடுச்சி பாருங்க. புடிவாதம் புடிச்சா ஒடம்பு கேக்குமா?"

"ஏன், தெனம் வந்து குத்தறது அவனுக்குப் பேஜாரா கீதாமா? கேட்டுச் சொல்லு!"

"பேஜாருன்னு நானா சொன்னேன்?" கியாசுதீன் தன்னை மறந்து அண்ணனையே பார்த்துக் கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நூர்முகமதுவும் ஒரு கணம் திகைத்துப்போனார். பிறகு சட்டைக் கையை இறக்கிவிட்டு, "கடைக்கு நேரமாவுது சல்மா. நாளைக்கு லேட் பண்ணாம வரச் சொல்லு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

அவர் தலை மறைந்ததும் கியாசுதீன் அண்ணியின் பக்கம் திரும்பினான். கண் கலங்கியிருந்தது.

"வெளயாட்டு இல்ல அண்ணி. நான் இந்த வூட்டுக்கு வராமப் பூட்டாலும் பரவால்ல. அவரு கை ஆறட்டும். எப்படியாச்சும் மாத்திரைக்கு மாத்திடுங்க."

உம்மு சல்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இன்னாத்த மாத்தறது தம்பி? பெருநாளுக்கு முன்னாடிலேந்து ஒங்க அண்ணன் அந்த மாத்திரையத்தான் துன்னுகினு கீறாரு. நீ தெனம் குத்தறது வெறும் காய்ச்சி வடிச்ச தண்ணி. டாக்டர் காலப் புடிக்காத கொறையா கெஞ்சி, அந்த பாட்டில்ல ரொப்பி வாங்கியாந்தாரு. 'ஊசி நின்னுட்டா என் தம்பி நம்ப வாசப்படி மிதிக்க மாட்டான் சல்மா. வலிச்சா வலிக்கட்டும், வந்து குத்திட்டுப் போவட்டும்'னாரு."