கட்டிலில் கட்டிய மாடு

லீவுக்கு வந்திருந்த பேத்தி மித்ரா, தாத்தா பிச்சாண்டியை மாடாக்கி, பாட்டியின் பாவாடை நாடாவால் அவர் காலைக் கட்டில் காலோடு கட்டி வைத்திருந்தாள். ஆட்டோ வந்ததும் பிச்சாண்டியின் மகள் அவளை இழுத்துப்போய் ஏற்றினாள். "நான் வந்துதான் அவுப்பேன். நீயா அவுத்துக்கக் கூடாது, தாத்தா!" என்று ஆட்டோவுக்குள்ளிருந்து கத்தினாள் மித்ரா. "சரிடி தாயி" என்றார். இனி முழுப்பரீட்சை முடிந்துதான் வருவாள். காலமெல்லாம் லாரியில் மூட்டை ஏற்றிக் கயிறு இறுக்கிய கை அவருடையது. இந்த முடிச்சை ஒரு விரலால் அவிழ்த்துவிடும். அவர் தொடவில்லை.

பொழுது சாய்ந்தது. "யோவ், அவுத்துட்டு வந்து சாப்புடுய்யா. என் நாடா எனக்கு வேணும்" என்றாள் மனைவி பவுனு.

"மாடு தன்னத்தானே அவுத்துக்குமாடி?"

"அப்ப நான் அவுக்கறேன்."

"கிட்ட வந்தா முட்டிப்புடுவேன்."

"இந்தா, தீவனம்" என்று சோற்றுத் தட்டைக் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனாள். தின்று முடித்ததும் ஒன்றுக்கு முட்டியது. பொறுத்துப் பார்த்தார். முடியாமல் எழுந்து, கட்டிலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு புறவாசலுக்கு நடந்தார். கட்டில் நிலைப்படியில் குறுக்கே சிக்கிக்கொண்டது. கட்டிய கால் உள்ளே, கட்டாத கால் வெளியே. குனிந்து முடிச்சைப் பார்த்தார். பவுனு என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தார். "ம்மா" என்றுதான் வந்தது.