சாதாரண நார்க்கட்டி

மகளின் மார்பில் கோலிக்குண்டு போல ஒரு கட்டி. ஊசி வைத்து எடுத்த பரிசோதனை முடிவு கையில் கிடைத்ததும் இளம் டாக்டரம்மா சிரித்தார்.

"சாதாரண நார்க்கட்டிதாம்மா. புற்றுநோய் இல்ல. ஆறு மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன் பாத்தா போதும்."

மகளுக்கு நாற்காலியிலேயே குதிக்கத் தோன்றியது. பக்கத்தில் அப்பா வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தார்.

"இன்னிக்கே வெட்டி எடுத்துடுங்க."

"வளரலைன்னா வெட்ட வேண்டியதில்ல சார்."

"சும்மா விடலாம்னு எந்த மடையன் சொன்னான்?"

மேஜைக்கடியில் மகள் அவர் காலை மிதித்தாள். டாக்டரம்மா நெளிந்தார்.

"புத்தகத்துல இருக்கு சார்."

"யார் எழுதின புத்தகம்?"

மகளுக்குச் சிரிப்பு பீறிட்டது.

"நீங்க எழுதினதுதான் சார். வெட்டணும்னு பரீட்சையில எழுதினதுக்கு எனக்கு முட்டை போட்டீங்களே."