பூசணிக் கேக்கைத் தின்றது யார்?

புலம்பெயர்ந்த தமிழர் வாழும் பென்டில் ஹில்லில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி முடிந்ததும் கமலினி ரீச்சர் மற்ற ஆசிரியர்களைப் போல வீட்டுக்குப் புறப்பட்டுவிட மாட்டார். பிள்ளைகள் திருப்பித் தந்த நூலகப் புத்தகங்களை மேசையில் அடுக்கிவைத்து, ஒவ்வொன்றையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விரித்துப் பார்ப்பார். ஜாம் கறையை ஈரத்துணியால் துடைத்து, கிழிந்ததை ஒட்டிய பிறகே அலுமாரியில் வைப்பார். ஒன்பது ஆண்டுகளில் அந்த ஒழுங்கு ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமையன்று அவர் கை நடுவில் நின்றது. ஹலோவீனுக்கென்று வாங்கிய பேய்ப் படப்புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை.

சின்னஞ்சிறுசுகள் விழுந்து விழுந்து சிரிக்கும் புத்தகம் அது. விருந்துக்கு வைத்திருந்த பூசணிக் கேக் காணாமல் போய்விடும். சூனியக்காரி, எலும்புக்கூடு, வௌவால், கறுப்புப் பூனை எல்லாரும் வரிசையில் நிற்க, வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு கண்ணுக்கு இரண்டு ஓட்டை வைத்த குட்டிப் பேய் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வரும். பூனைக்கு முன்னால் நின்று தலையை ஆட்டும். அகப்பட்டது கள்ளப் பூனை!

ஆங்கில வரிகளுக்குக் கீழே தமிழ் வரிகளைத் தம் கையாலேயே எழுதி ஒட்டியவர் கமலினி. இப்போது பூனை இருந்தது, எலும்புக்கூடும் இருந்தது. பேயை மட்டும் யாரோ கத்தரிக்கோலால் சுற்றி வெட்டி எடுத்திருந்தார்கள்.

கடைசியாக அதைக் கொண்டுபோனவள் ஆறு வயது யோகா. அவளுடைய தகப்பன் சிவமணி வாசலில் குந்தியிருந்து மகளின் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"சிவமணி, இஞ்ச வாரும்! பிள்ளையின்ர கையில கத்தரிக்கோலைக் குடுத்துப்போட்டு நீர் என்ன செய்துகொண்டிருந்தனீர்?"

அவன் மகளை வெளியே ஊஞ்சலுக்கு அனுப்பிவிட்டு உள்ளே வந்தான். "பிள்ளை வெட்டேல்லை அக்கா. நான்தான் வெட்டினனான்."

கமலினிக்கு முகம் சிவந்துவிட்டது.

"விசரோ உமக்கு? பள்ளி விடுமுறை முழுக்கக் குந்தியிருந்து எழுதி ஒட்டினனான். உமக்கு வெட்டி விளையாட வேற கடதாசி கிடைக்கேல்லையோ?"

"உந்தப் புத்தகம் பிள்ளையளுக்கு வேண்டாம்."

"அதைச் சொல்ல நீர் ஆர்? ஊரில பேய்க்கதை கேளாமலோ வளந்தனீர்?"

"பேய்க்கதை எண்டா நான் ஏன் கதைக்கிறன்?" அவன் குரலும் உயர்ந்தது. "அந்தப் பேய் எப்பிடிச் சரியாப் பூனையைக் காட்டும்? சொல்லுங்கோ பாப்பம்! அந்த ரெண்டு ஓட்டைக்குள்ளால பாத்தா எல்லாரும் ஒரே மாதிரித்தான் தெரிவினம்."

"ஓகோ! படப்புத்தகத்துக்குக் கண் டொக்டர் வந்திருக்கிறார்! ஐந்து வயசுப் பிள்ளையள் கேளாத கேள்வியை நீர் கேக்கிறீர். உது சிரிக்கிறதுக்கு எழுதினது ஐசே!"

"எனக்குச் சிரிப்பு வரேல்லை அக்கா. நேற்றுப் பின்னேரம் யோகா தலையணை உறையில ரெண்டு ஓட்டை வெட்டித் தலையில கொழுவிக்கொண்டு எனக்கு முன்னால வந்து நிண்டவள். என்னைப் பாத்து இப்பிடி... இப்பிடித் தலையை ஆட்டுறாள்."

அவன் ஆட்டிக் காட்டினான். கமலினியின் கையிலிருந்த ஈரத்துணி நழுவி விழுந்தது. தாம் சிரித்துச் சிரித்துத் தமிழாக்கியது எதை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

யாழ்ப்பாணத்தில் இராணுவம் ஊர்களைச் சுற்றிவளைத்துத் தேடிய காலத்தில் நடந்தது அது. ஊர் ஆண்களை வரிசையில் நிறுத்தி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விட்டுத் தலையில் சாக்கு மூடிய ஒருவனை ஜீப்பில் கொண்டுவந்து முன்னால் இருத்துவார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ, அவனை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

கமலினி புத்தகத்தை எடுத்தார். ஒட்டுப் போட்டே பழகிய அதே கைகளால் அதை நடுவில் இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் எறிந்தார்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளும் தம்பி. உம்மையும் அந்த வரிசையில நிப்பாட்டினவங்கள் எண்டு தெரியாமல் கண்டபடி ஏசிப்போட்டன்."

சிவமணி குனிந்து, விழுந்து கிடந்த ஈரத்துணியை எடுத்து மேசையில் வைத்தான்.

"எண்பத்தைந்தில என்ர தம்பி நித்தியானந்தனையும் அப்பிடித்தான் கொண்டு போனவங்கள். உடுவில் தபால்கந்தோரடியில வச்சு. ஒரு இயக்கத்துக்கும் போகாத பிள்ளை. பதினெட்டு வருசம், உயிரோட இருக்கிறானோ எண்டும் தெரியாது." கமலினி அழவில்லை. "கொண்டு போனவங்களை விடும். சாக்குக்குள்ள இருந்தவன் எங்கட ஆள்தானே? அவன் ஆர் எண்ட ஒண்டு மட்டும் எனக்குத் தெரிய வேணும். அந்த நாய் என்ர கையில அம்பிட்டால்..."

ஆத்திரத்தில் மேசையில் ஓங்கி அடித்தார். ஆனாலும் அவனைத் தேற்ற வேண்டும் என்று தோன்றவே, எட்டி அவன் கையைப் பற்றிக்கொண்டார். அது பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது.

"ஓம் அக்கா, போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு அவன் போயிருக்கலாம். வாசற்கதவு திறந்துதான் கிடந்தது.

அவன் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு போய், பிள்ளைக்குக் கேளாதபடி அந்தக் கதவைச் சாத்தினான். திரும்பி வந்து கமலினிக்கு முன்னால் முழங்காலிட்டான்.

"நீங்கள் கேட்ட மன்னிப்பைத் திருப்பி எடுங்கோ அக்கா. அண்டைக்குத் தபால்கந்தோரடியில சாக்குக்குள்ள இருந்தது நான்."