வாரம் அரைக் கிலோ

"எடை ரொம்ப ஜாஸ்தி. குறைச்சே ஆகணும்" என்றார் டாக்டரம்மா.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு முகம் சுண்டிவிட்டது. காலடியில் படுத்திருந்த நாயைக் குனிந்து பார்த்தார். தொப்பை விட்ட அளவுக்குத்தான் குனிய முடிந்தது. கிளட்ச் என்று அவர் ஆசையாகப் பெயர் வைத்திருந்த அந்த நாய், கால்நடை மருத்துவமனையின் தரை குளுகுளுவென்று இருந்த சந்தோஷத்தில் கண்ணை மூடிக் கிடந்தது.

"ஒரே வாரத்துல இறக்கிடலாமா டாக்டர்?"

"வாரத்துக்கு அரைக் கிலோ. அதுக்கு மேல ஆசைப்பட்டா உடம்பு தாங்காது. வருஷக்கணக்கா ஏறினது, இறங்கவும் நாளாகும்."

இதையே போன மாதம் வேறொரு டாக்டர் மாஸ்டரின் எடையைப் பார்த்துச் சொன்னபோது, ஆமைக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் என்று கிண்டலடித்துவிட்டு எழுந்து வந்தவர் இவர். மாஸ்டருக்கு எதிலும் வெச்சா குடுமி, அடிச்சா மொட்டை.

பயிற்சிக் காரில் தொப்பைக்கு இடம் வேண்டிச் சீட்டைப் பின்னால் தள்ளித் தள்ளி, அவர் பக்கத்து பிரேக்குக்கே கால் எட்டாமல் போயிருந்தது. மூன்று மாதத்தில் எட்டாவிட்டால் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுத வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். உடனே மாஸ்டர் நாலு நாள் வெறும் எலுமிச்சைத் தண்ணீரிலேயே காலம் தள்ளினார். ஐந்தாம் நாள் ஓடுகிற காரில் மயங்கிச் சாய்ந்தார். கற்றுக்கொள்ள வந்த பெண்மணி, இதுவும் பயிற்சியில் ஒரு பாகம் போலிருக்கிறது என்று இரண்டு தெரு ஓட்டிவிட்டுத்தான் நிறுத்தினாள்.

அன்றிலிருந்து அவர் என்ன சாப்பிடுகிறார் என்று மனைவி கண்காணிக்கத் தொடங்கினாள். அவரோ அடுத்தபடியாக, ஏழே நாளில் இளைக்க வைக்கும் பொடி ஒன்றை விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான், கிளட்சுக்கு மூச்சு வாங்குகிறது என்று சொல்லி அவள் இங்கே கிளப்பிக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா சொல்லச் சொல்ல மாஸ்டர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். காலையில் முக்கால் மணி நேரம் நடை, சாயங்காலம் முக்கால் மணி நேரம். ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள். பட்டினி போடவே கூடாது. பொரித்த பண்டம் வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது.

"நாங்களும் சாப்பிடக் கூடாதா?"

"வீட்ல எல்லாருக்கும் ஒரே சட்டம்னாத்தான் நடக்கும்."

வாயில்லா ஜீவனுக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று மாஸ்டர் பெரிய மனது பண்ணி ஒத்துக்கொண்டார்.

எடை மேடை தரையோடு பலகைபோல் கிடந்தது. கிளட்ச் தனியாக ஏற மறுத்து நடுங்கியதால் மாஸ்டரும் கூட ஏறி நின்றார். நூற்று இருபத்திரண்டு என்று காட்டியது.

"சேர்த்தே எழுதிக்கங்க டாக்டர். என் எடை எங்கே மாறப் போகுது? குறையறதெல்லாம் இதோடதுதான்" என்று அவரே கணக்கைச் சுலபமாக்கிக் கொடுத்தார். டாக்டரம்மா மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார்.

தனக்கென்றால் கசந்த ஆமை வேகம், நாய்க்கென்றதும் மாஸ்டருக்கு வேதவாக்காகிவிட்டது. மழை தூறினாலும் குடையோடு நடந்தார். ஏழரை மணிக்கு மேல் அடுப்பங்கரைப் பக்கம் யாரும் போகாதபடி கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தார். பொடிக்காரனை அடியோடு மறந்தார். இரண்டு வாரம் எடை அசையாமல் நின்றபோது, மனைவி வேண்டுமென்றே கவலைப்பட்டுக் காட்டினாள். பதறாத காரியம் சிதறாது என்று அவளுக்கே புத்தி சொன்னார்.

தெருவில் எதிர்ப்பட்டவர்களையும் விடவில்லை. அவசரப்பட்டு இளைக்கிறவன் முட்டாள் என்றார். கேட்டவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். மாஸ்டர் கிளட்சின் இடுப்பைக் காட்டினார். அது தினம் தினம் ஒடுங்கி வருவது அவர் கண்ணுக்கு மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

பதின்மூன்றாவது வாரம் நூற்றுப் பதினைந்தரை காட்டியது. மேடையை விட்டு இறங்கிய மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆறரைக் கிலோ, டாக்டர். இதுக்காக அலைஞ்சு அலைஞ்சு நான்தான் துரும்பாப் போயிட்டேன்."

வேலை என்ன ஆயிற்று என்று டாக்டரம்மா விசாரித்தார். அதற்கு இனிமேல் ஆபத்தில்லையாம், பிரேக்குக்குக் கால் தாராளமாக எட்டுகிறதாம். தன்னை மாதிரி ஆள் கிடைக்காது என்ற பயத்தில் முதலாளி ராவோடு ராவாகச் சீட்டை மாற்றிப் போட்டிருக்கிறார் என்பது மாஸ்டரின் தீர்மானம். அவர் மனைவி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று மாதத்தில் பயம் தெளிந்திருந்த கிளட்ச், மேடையை விட்டு இறங்காமல் அங்கேயே சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. மாஸ்டர் அப்போதுதான் எண்ணைப் பார்த்தார். இருபத்துநாலு.

"இருபத்துநாலா? இத்தனை குறைஞ்சதுக்கு அப்புறமுமா?"

"உங்க வீட்டு அக்கா முதல்ல தனியா இதைக் கூட்டிட்டு வந்தப்பவும் இருபத்துநாலுதான். இதுக்கு அதுதான் சரியான எடை. அந்த ஆறரைக் கிலோ இதோடது இல்லை."

மாஸ்டர் திருதிருவென விழித்தார். "எடை ஜாஸ்தின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்" என்றார் டாக்டரம்மா. "யாருக்குன்னு நீங்க கேட்கவே இல்லையே, சார்."